கடுகளவு திறப்பு, காசளவு திறப்பு

மதுரை
ஞாயிறு இரவு

அன்புக் கண்ணம்மா,

நீ அனுப்பிய ஏழு படத்தையும் பார்த்தேன். கீழ்வீட்டு அக்கா மகள் பட்டுப்பாவாடையில் அழகாக நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர், செருப்பு ஸ்டாண்டு, கரண்ட் மீட்டர் எல்லாம் அவளைவிடத் தெளிவாக நிற்கின்றன. "சின்ன கேமராவில் பின்னணி மங்காதும்மா, 1.8 லென்ஸ் உள்ளது வாங்கணும்" என்று எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு வாங்காதே. முதலில் அந்தக் கேமராவின் மூக்கைப் பார்.

லென்ஸைச் சுற்றி 4.5-135.0 என்றும் 1:3.2-6.9 என்றும் பொறித்திருக்கும். முதல் ஜோடி ஃபோக்கல் லென்த், ஜூம் இழுக்க இழுக்கக் கூடும் அளவு, மில்லிமீட்டரில். அடுத்தது எஃப் எண்; நீ கேட்கிற 1.8 இந்த எண்தான். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் லென்ஸின் திறப்பு எத்தனை அகலம் என்று கிடைக்கும். ஜூம் இழுக்காதபோது 4.5-ஐ 3.2-ஆல் வகு: 1.4 மி.மீ., ஒரு கடுகு. முழுக்க இழுத்தபின் 135-ஐ 6.9-ஆல் வகு: 19.6 மி.மீ., ஏறத்தாழ ஒரு ரூபாய்க் காசு. ஜூம் பண்ணினால் எஃப் எண் ஏறுகிறதே, மங்கல் போய்விடுமே என்று நீ இழுக்காமலே எடுத்திருக்கிறாய். எண் ஏறினாலும் திறப்பு பதினான்கு மடங்கு பெருத்துவிடுகிறது, கவனி.

பின்னணியை மங்கவைப்பது இந்தத் திறப்புதான். வெகுதூரத்தில் ஒரு விளக்கு எரிகிறது, நீ பாப்பா முகத்துக்கு ஃபோகஸ் வைக்கிறாய் என்று வைத்துக்கொள். அந்த விளக்குப் புள்ளி படத்தில் வட்டமாகப் பரவும். அந்த வட்டம் பாப்பா முகத்தோடு ஒப்பிட எவ்வளவு பெரிது? சரியாகத் திறப்பின் அளவு. கடுகுத் திறப்பென்றால் அவள் கன்னத்தில் கடுகை ஒட்டியது போல. காசுத் திறப்பென்றால் காசை வைத்தது போல.

விளக்கு வெகுதூரத்தில் இல்லை, பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் வட்டம் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதற்கு, பாப்பாவிலிருந்து பின்னணிவரை உள்ள தூரத்தை, கேமராவிலிருந்து பின்னணிவரை உள்ள தூரத்தால் வகுத்து, அதைத் திறப்போடு பெருக்கு. உன் மாடிப்படிப் படத்தில் நீ அவளிடமிருந்து ஒன்றரை மீட்டரில் நின்றிருப்பாய்; அவளுக்கு அரை மீட்டர் பின்னால் சுவர். அரையை இரண்டால் வகுத்தால் கால். 1.4-இல் கால் பங்கு 0.35 மி.மீ. ரவைப் பொடி. கரண்ட் மீட்டர் தெளிவாகத் தெரிந்ததில் என்ன அதிசயம்?

அதனால் பாப்பாவைச் சுவரிலிருந்து பிரித்து வெளியே கூட்டிக்கொண்டு போ. உங்கள் பெங்களூர்க் கப்பன் பார்க் போதும். ஞாயிற்றுக்கிழமை உள்சாலைகளில் வண்டி விடுவதில்லை, நீளமாக இடம் கிடைக்கும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து, ஜூமை முழுக்க இழுத்து, தலையும் மார்பும் அரை மீட்டர் உயரத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் நீ 11 மீட்டர் தள்ளி, சுமார் 36 அடியில், நிற்க வேண்டும். அவளுக்குப் பின்னால் இன்னொரு 11 மீட்டரில் மரங்கள் இருந்தால் வட்டம் திறப்பில் பாதி, 10 மி.மீ. 33 மீட்டர் தள்ளி இருந்தால் முக்கால் பங்கு, 15 மி.மீ. அதற்குமேல் எவ்வளவு தள்ளிப் போனாலும் பெரிய லாபமில்லை.

டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடு. அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், திறப்பு அதே.

36 அடியிலிருந்து நீ கூப்பிட்டால் குழந்தை கவனிக்காமல் போகலாம். அவள் அம்மாவை உன் தோளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் கைதட்டச் சொல். நீ குத்தவைத்து உட்கார்ந்துகொள், கேமரா அவள் கண் மட்டத்துக்கு வரட்டும். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் அவளுக்குப் பின்னால் தெரிவது தூரத்து மரமில்லை, அதைவிடக் கிட்டே இருக்கும் தரை, அது அவ்வளவு மங்காது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

இனி வெளிச்சம். எஃப் 6.9 வெளிச்சத்தைக் கஞ்சத்தனமாகத்தான் உள்ளே விடும். திறந்தவெளி நிழலில் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண்) 400-இல் வைத்தால் ஷட்டர் 1/300 நொடிக்கு அருகே கிடைக்கும். ஓடாமல் நிற்கும் குழந்தைக்கு அது போதும். மூங்கில் புதர் அடியில் போனால் 1/60-க்கு இறங்கிவிடும், அங்கே முகமே ஆடிப்போகும். ஸ்டெபிலைசர் உன் கை நடுக்கத்தைத் தாங்கும், குழந்தை அசைவதை ஒன்றும் செய்யாது. ஐஎஸ்ஓவைத் தானாக விட்டால் 1600-க்குத் தாவிக் கன்னத்தில் மணல் தெளித்துவிடும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துக்கொள். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூன்று மூன்று படமாக எடு. மூன்றில் ஒன்று தேறும்.

ஃபோகஸ் கட்டத்தை நடுவில் ஒன்றாக வைத்து, கண்ணில் வைத்துப் பட்டனைப் பாதி அழுத்து. கேமராவையே தேர்ந்தெடுக்க விட்டால் பின்னால் பளிச்சென்றிருக்கும் இலையைப் பிடித்துக்கொண்டு குழந்தையை மங்கவைக்கும். பச்சைக் கட்டம் வரவில்லையென்றால் அந்த ஜூமுக்கு நீ மிகக் கிட்டே இருக்கக்கூடும். ஓரோர் அடியாகப் பின்னால் போ.

எல்லாப் பின்னணியும் அழகாக மங்காது. இலை இடுக்கில் வானம் தெரிந்தால் வெள்ளை வட்டம் வட்டமாகக் கண்ணைக் குத்தும். கம்பி வேலி இரட்டைக் கோடாகும். நிழலில் இருக்கும் அடர்ந்த பசுமைதான் தோதானது, பாப்பா வெளிச்சத்தில் நிற்க வேண்டும். இன்னொன்று: ஒரு குரோட்டன் இலையை லென்ஸிலிருந்து ஒரு மீட்டரில், படச் சட்டத்தின் ஓரமாக வரும்படி யாரையாவது பிடிக்கச் சொல். மேலே சொன்ன அதே கணக்குப்படி அது 20 செ.மீ. அகலத்துக்குக் கரைந்து, முகத்தருகே பச்சைத் திரையாக விழும். இலை உள்ளே அதிகம் வந்தால் முகம் முழுக்கப் பச்சை பூசிக்கொள்ளும், ஓரத்தோடு நிறுத்து.

வீட்டுக்குள் இந்தக் கேமரா தோற்கும், ஒப்புக்கொள்கிறேன். உன் அல்சூர் வீட்டு ஹாலில் 4 மீட்டர் தள்ளி நின்றால் 50 மி.மீ. வரைதான் இழுக்க முடியும். எஃப் 6 என்று கொண்டால் திறப்பு 8 மி.மீ. சுவர் 2 மீட்டர் பின்னால் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, மூன்று மி.மீ.கூட இல்லை. நீ கேட்ட 1.8 வகை, 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 போன்றது, அங்கே ஜெயிக்கும். ஆனால் 1.8 என்பது அதன் ஜூம் இழுக்காத முனையில் மட்டும். முழுக்க இழுத்தால் 37.1 மி.மீ., எஃப் 4.9, திறப்பு ஏழரை மி.மீ.தான். பார்க்கில் உன் காசளவு திறப்புக்கு முன்னால் அது நிற்காது.

வீட்டுக்குள் எடுக்க ஆசையென்றால் சின்னப் பொருளுக்குப் போ. பூப்படம் போட்ட மேக்ரோ பட்டனை அழுத்தி, ஜூமே இழுக்காமல், மல்லிகைப் பூவுக்கு 3 செ.மீ. கிட்டே போ. சட்டத்தின் அகலமே 4 செ.மீ.தான் இருக்கும், அதில் 1.4 மி.மீ. மங்கல் என்பது பார்க்கில் அரை மீட்டர் சட்டத்துக்குக் கிடைத்த 15 மி.மீ.க்கு ஏறத்தாழச் சமம். மல்லிகைக்குக் கடுகு போதும். ஃபிளாஷை அணை, லென்ஸ் நிழல் பூவில் விழாதபடி ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும்.

போனில் போர்ட்ரெய்ட் மோடு இருக்கிறதே என்பாய். அது கத்தரித்து ஒட்டும் வேலை. ஜடையில் பிரிந்து நிற்கும் முடியையும் ஜிமிக்கி வளையத்தின் ஓட்டையையும் பார், குட்டு வெளிப்படும்.

அடுத்த ஞாயிறு எடுத்ததும் அனுப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எனக்கு ஒன்றும் தெரியாது. டாக்குமெண்ட்டாகப் போடு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா