உன் பட்டியலில் 'வெயில்' எங்கே?

அன்புள்ள மச்சான்,

உன் பட்டியல் கிடைத்தது. 2000 முதல் 2009 வரை வந்த தமிழ்ப் படங்களில் உனக்குப் பிடித்த பத்து. முதலாவது 'அன்பே சிவம்', இரண்டாவது 'கன்னத்தில் முத்தமிட்டால்', மூன்றாவது 'பிதாமகன்'. சரி, இதையெல்லாம் நீ வைப்பாய் என்று எனக்கு முன்னமே தெரியும். ஆனால் பத்தாவதாக 'அங்காடித் தெரு'வை எப்படிச் செருகினாய்? அது 2010 இல் வந்த படம். பத்தாண்டு 2001 இல்தான் தொடங்குகிறது என்று கீழே நியாயம் வேறு எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் ஆறாவதாக இருக்கிற 'அலைபாயுதே' வெளியே போக வேண்டும், அது 2000. முன்பக்கமும் பின்பக்கமும் இழுத்துப் பத்தைப் பதினொன்றாக்கிவிட்டாய். பள்ளிக்கூட மைதானத்திலும் பவுண்டரிக் கல்லை நீ இப்படித்தான் காலால் தள்ளித் தள்ளி வைப்பாய்.

அதைவிடப் பெரிய குறை, பத்துக்குள் 'வெயில்' இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். காலபோக நெல் வெட்டி முடிந்தது. விளைச்சல் பரவாயில்லை, ஆனால் வெட்டு நேரத்தில் நெல் விலை விழுகிறது வழக்கம்தானே, இந்த முறையும் விழுந்தது. கரைப் பக்கத்து வரம்பை யானை உழக்கிவிட்டுப் போனது. அம்மாவுக்கு முழங்கால்தான் கரைச்சல், மற்றப்படி சுகம். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னா. மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். உன் பட்டியலை அவளுக்கும் காட்டினேன். "மாமாவுக்கு எல்லாம் அழுகைப் படம்தான் பிடிக்குமோ?" என்று கேட்டாள்.

இனிச் சண்டைக்கு வருவோம். நீயும் நானும் ஒரே பத்தாண்டைப் பற்றிக் கதைக்கவில்லை மச்சான். நீ 2003 இல் கனடாவுக்கு வெளிக்கிட்டாய். அதற்குப் பிறகு ஸ்காபரோவில் படம் வந்த கிழமையே தியேட்டரில் பார்த்தாய். எது முதலில் வந்தது, எது அதைப் பார்த்து எடுத்தது என்பதெல்லாம் உன் தலைக்குள் வரிசையாக இருக்கிறது. எனக்கு அப்படியில்லை. 2002 இல் எங்கள் வன்னிக்குள்ளால் போகிற ஏ9, அந்தக் கண்டி-யாழ்ப்பாண வீதி, திறந்த பிறகுதான் எங்களுக்குப் படம் என்பதே தாராளமாக வரத் தொடங்கியது. நினைவிருக்கிறதா, அதற்கு முந்தி பற்றரிக்கும் டீசலுக்கும் தடை இருந்த காலத்தில் ஒரு படம் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று? பாதை திறந்ததும் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வந்த பஸ்களில் சீடியும் வந்தது. ஜெனரேற்றரும் ரீவியும் பிளேயரும் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தால், விடிவதற்குள் மூன்று படம் பார்த்துத் தீர்க்க வேண்டும். சாமத்திய வீடா, கலியாண வீடா, அடுத்த நாள் இரவு படம் உறுதி. படம் இரண்டு சீடியில் வரும். முதலாவது முடிந்து இரண்டாவதைப் போட்டால் நடுவில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும். உடனே ஒருவன் பற்பசையைப் பூசித் துடைத்துக்கொண்டு வருவான். தியேட்டருக்குள் ஒளித்து எடுத்த கொப்பி என்றால், கதாநாயகன் முக்கியமான வசனம் பேசும்போதுதான் குறுக்கே ஒரு தலை எழும்பிப் போகும். பிறகு பெற்றோல் முடிந்து ஜெனரேற்றர் இருமும்.

இதுவரைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே கதை. போர் திரும்பத் தொடங்கி, 2006 ஆவணியில் ஏ9 திரும்பப் பூட்டுப்பட்டது. 'சுப்ரமணியபுரம்' 2008 ஜூலையில் வந்ததாக நீ எழுதியிருக்கிறாய். அந்த வருடம் நாங்கள் எங்கே நின்றோம், அடுத்த வருடம் எங்கே நின்றோம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2007, 2008, 2009 படங்களை எல்லாம் நான் 2010 க்குப் பிறகு ஒரே மூச்சில், முன்பின் இல்லாமல் பார்த்தேன். 'பசங்க' பார்த்துவிட்டுத்தான் 'பருத்திவீரன்' பார்த்தேன். அதனால் எந்தப் படம் தமிழ்ச் சினிமாவின் போக்கை மாற்றியது என்று நீ எழுதுகிற பகுதியை நான் தாண்டிப் போய்விட்டேன். போக்கு எதையும் நான் பார்க்கவில்லை, படங்களை மட்டும்தான் பார்த்தேன்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' பற்றி எழுதாமல் விட ஏலாது. சென்னையில் தத்துப்பிள்ளையாக வளர்கிற அமுதாவைப் பெற்ற தாய் ஷியாமாவின் ஊர் மாங்குளம் என்று படம் சொல்கிறது. எங்கள் மாங்குளம்! முதல்முறை பார்த்தபோது அந்தப் பெயர் வந்ததும் பெடியள் விசில் அடித்த சத்தத்தில் அடுத்த வசனம் ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறகு ஊரைக் காட்டினார்கள். விசில் நின்றுவிட்டது. "இது எந்த மாங்குளம்?" என்று பின்னுக்கிருந்து ஒரு ஐயா கேட்டார். அந்தப் பச்சை எங்கள் பச்சை இல்லை மச்சான். எங்கள் சந்தியில் நின்று பார்த்தால் செம்புழுதியும், பாலையும் வீரையும் நிற்கிற வறண்ட காடும், முல்லைத்தீவுக்குப் பிரிகிற ரோட்டும்தான். மழை பெய்தால் ஒரு மாதம் பச்சை, பிறகு பழையபடி.

ஊரைப் பிழையாகக் காட்டியதற்காகப் படத்தைத் தள்ளிவிட்டேன் என்று நினைக்காதே. ரகுமானின் இசைக்கும் வைரமுத்துவின் வரிகளுக்கும் தேசிய விருது கொடுத்தது சரிதான். 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டை இன்றைக்கும் முழுதாகக் கேட்க என்னால் முடிவதில்லை. கடைசியில் பிள்ளை கேட்கிற கேள்விகளுக்குத் தாயிடம் பதில் இல்லை, அவள் எழும்பிப் போகிறாள். அந்த இடம் உண்மை. ஆனால் அந்தப் படம் எங்களை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற படம். கதை சென்னையிலிருந்து இங்கே வந்து, ஒரு தாயைக் கண்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. ஷியாமா அடுத்த நாள் காலையில் என்ன செய்தாள்? எனக்கு அந்தப் படம்தான் வேண்டும், அதை ஒருவரும் எடுக்கவில்லை. உனக்கு அது இரண்டாவது, எனக்குப் பத்துக்குள் வரும், அவ்வளவுதான்.

எங்களைப் பற்றி எடுத்த படங்களைவிட, எங்களைப் பற்றி ஒன்றுமே யோசிக்காமல் எடுத்த சில படங்கள் எனக்குக் கிட்ட வந்து நின்றன. அதில் முதலாவது 'வெயில்'. வசந்தபாலன் எடுத்தது, 2006 கடைசியில் வந்தது. விருதுநகர்க் கதை, எங்கள் சனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அதை 2010 இல் பார்த்தேன். மீளக்குடியேறி வந்து, பழைய வீட்டு அத்திவாரத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். பகலில் தகரத்துக்குக் கீழே இருக்க ஏலாது, அவ்வளவு வெக்கை. இரவு, ஒருவர் கொண்டுவந்த சின்ன டிவிடி பிளேயரில் பார்த்தோம்.

பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்டுப் படம் பார்க்கப் போன பெடியனைத் தகப்பன் பிடித்து உடுப்பில்லாமல் வெயிலில் நிறுத்துகிறான். பெடியன் வீட்டை விட்டு ஓடி, ஒரு தியேட்டரில் ஒதுங்கி, ஒப்பரேட்டர் அறைக்குள்ளேயே வளர்ந்து மனிதனாகிறான். காதலித்தவள் செத்துப்போகிறாள், தியேட்டரும் மூடுகிறது. வருடங்கள் கழித்து வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புகிறான். தம்பிக்குச் சந்தோசம், தாய்க்குச் சந்தோசம், தகப்பனுக்கு மட்டும் மனம் இறங்கவில்லை. முருகேசனாகப் பசுபதி. வீட்டுக்கு வந்த பிறகு அவர் நிற்கிற நிலையை ஒருமுறை கவனித்துப் பார். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி, எங்கே இருப்பது என்று தெரியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பார். யாராவது அன்பாக ஒரு சொல் சொன்னால், அதை வாங்கலாமா வேண்டாமா என்று முகம் ஒரு கணம் யோசிக்கும். வசனத்தில் இல்லாத நடிப்பு அது.

அந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் அப்படித் திரும்பி வந்தவர்கள் இருந்தார்கள். கனகாலம் வீட்டோடு தொடர்பில்லாமல் இருந்துவிட்டு வந்தவர்கள். தாய் சோறு போடுவாள், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், வந்தவரும் ஒன்றும் சொல்லமாட்டார். பின்னேரம் வேலியோரம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். முருகேசனைப் பார்த்தபோது எங்கள் கொட்டிலில் ஒருவரும் கதைக்கவில்லை. இந்தக் கதையை எழுதியவருக்கு வன்னி என்று ஒரு இடம் இருப்பது நினைவில் வந்திருக்கவே தேவையில்லை. எங்களுக்கு இரக்கம் காட்டுகிறோம் என்ற நினைப்பு அந்தப் படத்தில் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

கடைசிப் பகுதியில் விளம்பரத் தொழில் போட்டி, வெட்டுக்குத்து எல்லாம் நீளம்தான். தம்பியின் காதல் பாட்டுகளும் தேவைக்கு மேலே. ஆனாலும் அது என் முதலாம் இடம்.

இனி உன் முதலாம் இடம். 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தபோது ஒருவரும் கவனிக்கவில்லை என்று குறைப்படுகிறாய். அதே பொங்கலுக்கு 'தூள்' வந்ததை ஏன் எழுதவில்லை? நாங்களும் முதலில் 'தூள்' சீடிக்குத்தான் அலைந்தோம், நீதான் முன்னுக்கு நின்றாய்! படம் நல்ல படம், இல்லை என்று சொல்லவில்லை. மழை வெள்ளத்தில் புவனேஸ்வரில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர், ஒருவர் கம்யூனிஸ்ட், மற்றவர் விளம்பரக்காரர். கமலும் மாதவனும் வாய்ச்சண்டை பிடிக்கிற முதல் பாதியை எத்தனை முறையும் பார்க்கலாம். என் பிரச்சினை நல்லசிவம்தான். விபத்தில் முகமும் உடம்பும் சிதைந்த மனிதர், அதற்குப் பிறகு மகானாகிவிடுகிறார். மச்சான், இங்கே காயப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். காலில்லாதவர், கண்ணில்லாதவர், முள்ளந்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் கிடப்பவர். அவர்களில் அருமையான மனிதர்கள் இருக்கிறார்கள். வாய் திறந்தால் சண்டை பிடிப்பவர்களும், வாங்கின கடனைத் திருப்பாதவர்களும் இருக்கிறார்கள். வலி வந்தால் மனிதன் பெரிய ஆளாகிவிடுவான் என்று சொல்கிற படம் எனக்கு ஆறுதல் தரும், ஆனால் நான் அதை நம்பமாட்டேன். முருகேசனை நம்புகிறேன். அவன் அடிபட்டுப் பெரிய ஆளாகவில்லை, அடிபட்டவனாகவே இருக்கிறான். ஐந்தாம் ஆறாம் இடத்தில் வை, நான் வாய் திறக்கமாட்டேன்.

'ஆட்டோகிராப்' உன் பட்டியலில் இல்லாதது நல்லதுதான். படம் எனக்கும் இனிப்புக் கூட. ஆனால் 'ஒவ்வொரு பூக்களுமே' பாட்டு இருக்கிறதே, அது படத்தை விட்டு இறங்கித் தனியாக எங்கள் பள்ளிக்கூடங்களுக்குள் வந்துவிட்டது. மகளின் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் கூட அதைத்தான் பாடினார்கள். பாட்டுக்கு ஒரு பட்டியல் போடுவதானால் அதை வைக்கலாம்.

'பருத்திவீரன்' பற்றி நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறாய். ப்ரியாமணிக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயம், கார்த்திக்கு அது முதல் படம் என்று சொன்னால் நம்ப ஏலாது, எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசிக் கட்டத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். நானும் பிறகு அதை முழுதாகப் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை. அதைக் கலைத் துணிச்சல் என்று ஸ்காபரோவிலிருந்து எழுதலாம்.

'தெனாலி'யை நீ சேர்க்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும், உனக்கு வெட்கம். எங்கள் பேச்சை வைத்துப் பகிடி பண்ணினார்கள் என்று அப்போது கோபப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எதைப் பார்த்தாலும் பயப்படுகிற ஒரு அகதி என்றால் சிரிப்பதற்கு எங்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? பத்துக்குள் வராது, ஆனால் இரவு மூன்று படம் போட்டால் அதில் ஒன்று அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: 'அங்காடித் தெரு'வை எடுத்து அடுத்த பத்தாண்டுக்கு வை, அங்கே அதற்கு முன்வரிசை நிச்சயம். அந்த இடத்தில் 'வெயில்'. உன் எட்டாம் இடத்து 'அந்நியன்' எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை, அதைத் தூக்கிவிட்டுச் சசியின் 'பூ'வைப் போடு. 2008 இல் வந்தது, ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' என்ற சிறுகதையிலிருந்து எடுத்தது, பார்வதி நடித்தது. நீ பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டாய். 'பிதாமகன்' மூன்றாவதாகவே இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை.

வைகாசியில் உங்கள் பக்கம் வருகிற ஒருவரிடம் முறிகண்டிக் கச்சான் கடலை கொடுத்துவிடுகிறேன். பதில் எழுதும்போது 'அந்நியன்' பற்றி வக்காலத்து வாங்காதே. மகளும் தன் பட்டியலை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதலாவது 'கில்லி'யாம். அந்தச் சண்டையை நான் இங்கே தனியாகப் பிடிக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்,
மாங்குளம்