வாட்ச் பட்டிக்குள் மறைந்திருக்கும் ஆறு புள்ளிகள்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகார சபையினருக்கு,

வணக்கம். போன மாதம் பம்பலப்பிட்டியில் போன் திருத்தும் கடையொன்றுக்கு என் ஸ்மார்ட் வாட்சைக் கொண்டுபோனேன். ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் புதிது வாங்கியபோது பழையதை எனக்குத் தந்துவிட்டாள். பின்னேரங்களில் காலிமுகத்திடலில் நடக்கும்போது கட்டிக்கொள்வேன். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து பட்டி இறுகிவிட்டது. அதைக் கழற்றத்தான் போனேன்.

கடைத் தம்பி பட்டியை இழுத்தெடுத்து, அது நுழைகிற பள்ளத்தைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தார். அப்புறம், "அக்கா, இதைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டு உருப்பெருக்கியை என்னிடம் நீட்டினார். கீழ்ப்பட்டி நுழையும் பள்ளத்தின் நடுவில், பள்ளத்தின் நிறத்திலேயே சின்னத் தகடு ஒன்று. சிம் ஊசியால் அதன் ஓரத்தை நெம்பினார். உள்ளே ஆறு பொன்னிறப் புள்ளிகள், வரிசையாக. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது.

இரண்டு வருடமாகக் கையில் கட்டியிருக்கிறேன். அப்படி ஒரு போர்ட், அதாவது வெளிக் கருவியைப் பொருத்தும் இணைப்பு வாய், இருப்பதே தெரியாது.

இது எதற்கு என்று அவரைக் கேட்டேன். "கம்பனிக்கு" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான் மனதில் ஓடியது.

நான் முதலில் நினைத்தது சார்ஜ் பற்றி. 2015 ஏப்ரலில் இந்த வாட்ச் முதன்முதல் விற்பனைக்கு வந்தபோது உலகம் முழுக்கப் பலருக்கும் இதே எண்ணம் வந்தது. பட்டிக்குள்ளேயே பற்றரி வைத்து இந்தப் போர்ட் வழியாக மின்சாரம் ஏற்றலாம் என்று ஒரு சிறு நிறுவனம் முன்பதிவே தொடங்கியது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி வரும், கமரா வைத்த பட்டி வரும் என்றும் பேசினார்கள். வாட்சைத் தயாரித்த ஆப்பிள் நிறுவனம் அப்படி எதையும் வெளியிடவில்லை.

அடுத்து வந்தது பயம். என்னை வேவு பார்க்க வைத்திருப்பார்களோ? கொஞ்சம் யோசித்தால் அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. வாட்சில் புளூடூத்தும் வைஃபையும் ஏற்கெனவே இருக்கின்றன. என் இதயத் துடிப்பும் நடந்த தூரமும் அந்த வழியாகத்தானே போனுக்குப் போகின்றன? வேவு பார்க்கிறவர் வந்து என் பட்டியைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை.

பொருந்துகிற விடை தொழிற்சாலையில் இருக்கிறது. வாட்சைப் பசை வைத்து, நீர் புகாமல் மூடிவிடுகிறார்கள். மென்பொருள் ஏற்றுவதற்கு முன் புளூடூத்தும் வேலை செய்யாது, வைஃபையும் வேலை செய்யாது. அந்த நிலையில் உள்ளே இருக்கும் சிப்போடு பேசக் கம்பி வழி ஒன்று வேண்டும். பரிசோதிக்கவும், மென்பொருள் பழுதானால் திரும்ப ஏற்றவும் உள்ள வாசல்தான் இந்த ஆறு புள்ளிகள். இவற்றில் பொருந்தும் அடாப்டர்களைப் பின்னாளில் வெளியார் செய்து விற்றார்கள். 2021இல் வந்த சீரிஸ் 7இல் இந்தப் போர்ட்டை எடுத்துவிட்டு, 60.5 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ வழியாக அதே வேலையைச் செய்யும் ஏற்பாட்டை வைத்தார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுக்குக் கொடுத்த ஆவணங்களில்தான் அது வெளியே வந்தது. பழைய வாசலாவது ஊசிக்கு அகப்பட்டது. புதியதைக் கண்ணாலும் காண முடியாது.

சரி, நோக்கம் நல்லதுதான். அதை ஏன் வாங்கியவருக்குச் சொல்லவில்லை என்பதே என் கேள்வி. இதே நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆப்பிள் டிவியின் பின்புறத்தில் ஒரு யூஎஸ்பி-சி போர்ட் இருந்தது. அது சேவைக்கும் பராமரிப்புக்கும் உரியது என்று விவரப் பட்டியலிலேயே எழுதியிருந்தார்கள். ஒரு வரிதான். வாட்சுக்கும் அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம்.

வாகனங்களைப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சொக்கெட் இருக்கும். எந்தக் கராஜுக்குப் போனாலும் அதில் ஸ்கேனரைச் செருகி, என்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் எல்லாக் கார்களிலும் அது பொதுவான வடிவத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சொக்கெட்டும் நோய் அறியத்தான், இந்த ஆறு புள்ளிகளும் நோய் அறியத்தான். அங்கே சட்டம் கதவைத் திறந்து வைத்தது, இங்கே தகடு போட்டு மூடியிருக்கிறார்கள்.

இது நம் ஊருக்கு ஏன் முக்கியம்? அந்த நிறுவனத்தின் சொந்தக் கடை இலங்கையில் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, புதிது வாங்குவதை விட்டுவிட்டு நாமெல்லாம் திருத்துகிற கடைகளைத் தேடித்தானே போனோம்? மென்பொருள் இடையில் நின்றுபோன வாட்சைப் பக்கத்தில் ஐபோனை வைத்தே மீட்கும் வசதி அந்த வருடம் மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன் ஏழு வருடம், வாசல் பள்ளத்துக்குள் இருந்தும் பம்பலப்பிட்டித் தம்பிக்கு அதன் சாவி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் போன் இருக்கிறது, வாட்ச் இல்லை. ஆகவே யாராவது நமக்காகச் செய்வார்கள் என்று காத்திருக்க முடியாது.

உங்கள் சபையை உருவாக்கிய 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருள்களின் லேபல் பற்றிப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். இங்கே விற்கும் ஒவ்வொரு ஸ்மார்ட் வாட்சின் பெட்டியிலும், அதிலுள்ள எல்லாப் போர்ட்களும் மறைவான ரேடியோ இணைப்புகளும் எவை, எதற்கு என்பதைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதச் சொல்லுங்கள். திருத்துவதற்கான வழி அதுவென்றால், உள்ளூர்த் திருத்துநருக்கு அந்தக் கருவியும் மென்பொருளும் நியாயமான விலையில் கிடைக்குமா என்பதையும் இறக்குமதியாளர் எழுதட்டும்.

நேரில் பார்க்க விரும்பினால் ஒரு நாள் சொல்லுங்கள், வாட்சை எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். பட்டி இப்போது இலேசாகக் கழலும். ஊசியும் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் வசிக்கும் பாவனையாளர் ஒருவர்