‘எண்ணெய் கிடையாது’ என்று எழுதிக்கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆணழகன் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பயிற்சியாளர்களுக்கு வணக்கம்.

போட்டிக்கு 12, 16 வாரம் இருக்கும்போதே உங்கள் டயட் சார்ட்டில் ஒரு வரி ஏறிவிடுகிறது: “எண்ணெய் கிடையாது, மஞ்சள்கரு கிடையாது.” அந்த வரியை அடித்துவிட்டு, அங்கே கிராம் கணக்கை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உடம்புக் கொழுப்பு கரைவது மொத்தக் கலோரி குறைவதால்தான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4. ஆகவே கட்டிங்கில், அதாவது போட்டிக்கு முன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும் காலத்தில், சாப்பாட்டில் கொழுப்பைக் குறைப்பது சரியே. எதுவரை குறைப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. மொத்தக் கலோரியில் 15 முதல் 30 சதவீதம் கொழுப்பாக இருக்கட்டும். 15-க்குக் கீழே போக வேண்டாம்.

75 கிலோ எடையுள்ள ஒரு பையனுக்கு 2000 கலோரி என்று வைத்துக்கொள்வோம். புரதம் 165 கிராம், அது 660 கலோரி. கொழுப்பு கிலோவுக்கு 0.7 வீதம் 52 கிராம், சுமார் 470 கலோரி. மிச்சமுள்ள 870 கலோரிக்கு 217 கிராம் மாவுச்சத்து. எடை இறங்குவது நின்றால் முதலில் மாவுச்சத்தையும் கொழுப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், புரதத்தைத் தொடாதீர்கள். கொழுப்பு 40 கிராமுக்கு வந்ததும் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்கினால் போதும்.

அந்த 52 கிராம் தட்டில் எப்படி வரும்? மூன்று முழு முட்டையில் 15, தோல் நீக்கிய வெந்த கோழி நெஞ்சுக்கறி 300 கிராமில் 11, 20 கிராம் வேர்க்கடலையில் 10, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் 9. சோறு, பருப்பு, காய்கறியிலிருந்து மீதி வந்துவிடும். ஜிம் பையன்களின் சமையலறையில் பன்னிரண்டு மஞ்சள்கரு ஒரு கிண்ணத்தில் கிடந்து குப்பைக்குப் போகிறது. வைட்டமின் ஏ, டி, கோலின் எல்லாம் அதோடு போகிறது. பன்னிரண்டையும் தின்னச் சொல்லவில்லை, மூன்று போதும்.

எண்ணெயை அளக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி, நாலரை கிராம். பாட்டிலைச் சாய்த்துத் தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றினால் 15, 20 கிராம் தெரியாமலே இறங்கிவிடும், அதாவது 180 கலோரி வரை. “எண்ணெயே சேர்க்கல கோச், வெயிட் இறங்கல” என்று வந்து நிற்கும் பையன்கள் பலருக்கு ஓட்டை இங்கேதான். கல்லைச் சமையல் தராசில் வைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். தேங்காயெண்ணெய் மட்டும் எடுத்தால் உடம்பு தானாகத் தயாரிக்க முடியாத லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதிலிருந்து மிகக் கொஞ்சமே கிடைக்கும். நல்லெண்ணெயில் அது பத்தில் நான்கு பங்கு. ஒமேகா-3-க்கு மத்தி, அயிலை. சைவர்களுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பொடித்த ஆளிவிதை.

மாதக்கணக்கில் கொழுப்பை அறுத்தால் தோல் வறளும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் சரியாக உறிஞ்சப்படாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். கலோரிக் குறைவும் உடம்பு மிகவும் வற்றிப்போவதுமே அதற்குப் பெரிய காரணங்கள். கொழுப்பைத் துடைத்தெடுப்பது அதை இன்னும் கீழே தள்ளுகிறது. சார்ட்டைத் திருத்தாமல் அதற்கு ஹார்மோன் ஊசியை மருந்தாகச் சொல்வது அநியாயம். பெண் போட்டியாளருக்கு மாதவிலக்கு நின்றால் “ஷோ முடிஞ்சா சரியாயிடும்” என்று தள்ளிப்போடாதீர்கள். சாப்பாட்டை ஏற்றுங்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மேடைக்கு முந்தைய ஓரிரு நாள் மாவுச்சத்தை ஏற்றும்போது மட்டும் கொழுப்பு அந்த 15 சதவீதத்தைவிடக் குறைந்தால் கெடுதல் இல்லை.

பித்தப்பையையும் மறக்காதீர்கள். அது நன்றாகச் சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளுவது முக்கியமாகச் சாப்பாட்டில் கொழுப்பு வரும்போதுதான். கொழுப்பே இல்லாமல் வேகமாக எடை இறக்கினால் பித்தம் தேங்கிக் கல்லாகலாம். ஒரு வேளையிலாவது 10 கிராம் கொழுப்பு சேர்ந்து வரட்டும். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்துத் தோள்பட்டைக்குப் பரவுகிறது என்று பையன் சொன்னால், கேஸ் என்று மாத்திரை கொடுக்காமல் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.