கொலோன் பட்டறையின் கதைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த கிரெமர் கார் பந்தய அணியைப் பற்றிய தொடரின் கடைசிப் பகுதியை நேற்று இரவு எழுதி முடித்தேன். நாலே பகுதி என்று ஆரம்பித்தது பதினொன்றில் வந்து நின்றது. தனியாக எழுதியிருந்தால் இரண்டாவதிலேயே படுத்திருக்கும். அதனால்தான் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டீர்கள், போடவில்லை.

முதல் நன்றி கொலோனில் இருக்கும் அக்காவுக்கு. பழைய ஜெர்மன் பத்திரிகைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் வாசித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னீர்கள். "தம்பி, இவையள் கொம்பனிக்காரர் இல்லை, கராஜ்காரர்" என்று ஒருநாள் சொன்னீர்களே, தொடருக்கு முதுகெலும்பு அந்த ஒரு வரிதான். எர்வின் கிரெமர், மான்ஃபிரெட் கிரெமர் என்ற அண்ணன் தம்பி 1962-இல் தொடங்கிய பட்டறை அது. போர்ஷே கம்பெனியிடம் காசு கொடுத்துக் கார் வாங்கும் வாடிக்கையாளர்கள். வாங்கிய காரைப் பிரித்து, செய்தவனுடையதைவிட வேகமாக ஓடும்படி திருப்பிப் பூட்டுவார்கள். எர்வினே வண்டி ஓட்டுவார். 1968-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மூவரில் ஒருவர்.

அடுத்து, லாரி பட்டறை அண்ணனுக்கு. போர்ஷேயின் 935 காரை அவர்கள் மாற்றிக் கட்டிய 935 கே3 பற்றி எழுத உட்கார்ந்தபோது இன்டர்கூலர் என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. கழற்றிப் போட்டிருந்த ஒன்றை என் மடியில் வைத்து, "டர்போ அமுக்குற காத்து சுட்டுப்போயிரும். சுட்ட காத்து விரிஞ்சு நிக்கும், சிலிண்டருக்குள்ள கொஞ்சந்தான் போகும். ஆறவச்சு அனுப்பு, நெறய போகும். அவ்ளோதான் தம்பி" என்றீர்கள். போர்ஷே தன்னுடைய 935-இல் அந்தக் காற்றைத் தண்ணீரால் ஆறவைத்தது. கிரெமர் சகோதரர்கள் கே3-இல் தண்ணீரைத் தூக்கிவிட்டு, வெளியிலிருந்து வரும் காற்றாலேயே ஆறவைத்தார்கள். 1979-இல் கிளாவுஸ் லுட்விக் என்ற ஓட்டுநர் அந்தக் காரில் ஜெர்மன் சாம்பியன்ஷிப்பின் 12 பந்தயங்களில் 11-ஐ ஜெயித்தார். லாரியில் இருப்பதும் அதே வித்தைதான் என்று நீங்கள் சொன்ன பிறகு சாலையில் லாரியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

அதே ஆண்டு லு மான், பிரான்சின் 24 மணி நேரப் பந்தயம். இந்த ஒரு பந்தயத்துக்கே மூன்று பகுதி போனது, குறைக்க மனம் வரவில்லை. லுட்விக்கோடு ஓட்டியவர்கள் அமெரிக்காவின் விட்டிங்டன் சகோதரர்கள், டானும் பில்லும். முதலில் தான் ஓட்ட வேண்டும் என்பதற்காகக் காரையே அங்கேயே பணம் கொடுத்து வாங்கிவிட்டதாக டான் பிற்காலத்தில் சொன்ன கதை உண்டு. (இருவரும் பின்னர் போதைப்பொருள் பணம் தொடர்பான வழக்குகளில் சிறைக்குப் போனவர்கள் என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை.) ஞாயிற்றுக்கிழமை, முன்னணியில் போய்க்கொண்டிருந்த காரில் எரிபொருள் பம்ப்பை ஓட்டும் பெல்ட் போய்விட்டது. நடுவழியில் நின்ற காரை ஓட்டுநர் மட்டும்தான் தொடலாம். வெளியார் உதவி வாங்கினால் தகுதி நீக்கம். போர்ஷேயின் சொந்தக் கார் ஒன்று, யாக்கி இக்ஸ் ஓட்டியது, அந்தக் குற்றத்துக்காகவே வெளியேற்றப்பட்டிருந்தது. டான் ஒற்றை ஆளாகத் தட்டி முட்டி எதையோ மாட்டி, அணியின் மெக்கானிக்குகள் நிற்கும் பிட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயும் 307 சுற்றுகளோடு ஜெயித்தார்கள். போர்ஷேயின் சொந்தக் கார்கள் இரண்டுமே முடிக்கவில்லை. மூன்றாம் இடமும் கிரெமர் காருக்குத்தான். அதை ஓட்டியவர்களில் ஒருவரான லோரான் ஃபெரியே பிற்பாடு தன் பெயரிலேயே கைக்கடிகாரங்கள் செய்யத் தொடங்கினார்.

இரண்டாம் இடத்தில் வந்தது டிக் பார்பர் என்பவருடைய அணியின் கார், நடிகர் பால் நியூமன் ஓட்டியது. நான் நியூமன் ஜெயித்ததாக எழுதித் தொலைத்தேன். அன்றிரவே மூன்று வரியில் திருத்தி அனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்ததைப் பார்த்ததும் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது.

சரிவைச் சொல்லும் பகுதிகளில் கை ஓடவில்லை. "ஐயோ பாவம்னு எழுதாதே, நடந்ததை வரிசையா எழுது" என்று சொன்ன தங்கைக்கு நன்றி. அப்படியே எழுதினேன். 1985 ஏப்ரலில் இத்தாலியின் மோன்சாவில் பலத்த காற்றுக்கு மரம் ஒன்று பாதையில் விழ, பந்தயம் முன்கூட்டியே நிறுத்தப்பட்டு கிரெமரின் மான்ஃபிரெட் விங்கெல்ஹாக், மார்க் சூரர் ஜோடி ஜெயித்தது. ஆகஸ்டில் கனடாவின் மோஸ்போர்ட்டில் அதே விங்கெல்ஹாக் விபத்தில் சிக்கி மறுநாள் இறந்தார், வயது 33. அடுத்த ஜூன் முதல் தேதி, லு மானின் நீண்ட நேர்ப்பாதையில், நள்ளிரவுக்குப் பிறகு, யோ கார்ட்னர் என்ற ஓட்டுநர் இறந்தார். வயது 32. அவரும் கிரெமரின் போர்ஷே 962 காரில்தான் இருந்தார்.

மீதியை வேகமாகவே கடந்தேன். 90-களின் தொடக்கத்தில் விதிகள் ஃபார்முலா ஒன் பாணி 3.5 லிட்டர் எஞ்சின்களின் பக்கம் சாய்ந்தன. பெரிய கம்பெனிகளின் பணத்துக்கு முன்னால், கார் வாங்கி ஓட்டும் பட்டறைக்கு என்ன வேலை? ஆனாலும் 962-ஐ அடிப்படையாக வைத்து கே8 என்ற கூரையில்லாக் காரைக் கட்டி, 1995-இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார்கள். அதற்குமேல் அந்த அளவு பெரிய வெற்றி எதுவும் இல்லை. 2006-இல் எர்வின் காலமானார். அந்தப் பகுதியை வாசித்துவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "சரி, வை தம்பி" என்றார்.

படங்கள் வரைந்த நண்பனுக்குத் தனியாக பிரியாணி பாக்கி இருக்கிறது. அண்ணே, நீங்கள் கொடுத்த இன்டர்கூலரை அவன் பார்த்து வரையத்தான் எடுத்துப் போனேன், இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்துக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி