மாடி அறைக்கும் சிக்னல் வருகிறது

மயிலாடுதுறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டு முகவரியை எழுதக் கை வரவில்லை.

நீ வாங்கிய மடிக்கணினி பத்திரமாக வந்து சேர்ந்தது. "நம் வீட்டுக்கு ஒரு மடிக்கணினி வரும், வாங்கி வையுங்கள், மாடி அறையில் வைஃபை எடுக்கும்படி செய்யுங்கள்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினாய். அதற்கு முன்னும் ஒன்றும் சொல்லவில்லை, பின்னும் சொல்லவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. சரி, அது போகட்டும். என் பெண் தன் சம்பளத்தில் வாங்கியது என்று அப்பா தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். பெட்டியைப் பிரித்துத் திரையில் கீறல் இல்லை என்று பார்த்தோம். மின்சாரம் கொடுத்ததும் முதலில் எந்த நாடு என்று கேட்டது, பிறகு விசைப்பலகை, பிறகு வைஃபை. நம் வீட்டுப் பெயர் பட்டியலில் முதலாவதாக வந்தது, இணைந்தும் விட்டது. அடுத்ததாக யாருடைய கணக்கு என்று கேட்டது. அந்த இடத்தில் அணைத்து வைத்துவிட்டேன். அது நீ உன் கையால் போட வேண்டியது. நான் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதே, நான் சொன்னாலும் விடாதே.

இணைய இணைப்புக் கொடுக்க வந்த பையன் வைஃபை பெட்டியைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போகப் பார்த்தான். எல்லோரும் அங்கேதான் வைக்கச் சொல்கிறார்களாம். நம் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று அவனுக்கு எங்கே தெரியும்? தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இந்தப் பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவரைக் கண்டால் அதன் பலம் போய்விடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கடந்து கொஞ்சம் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீடுகளின் பெட்டிகளும் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. கூடத்தில் வைத்தால் மாடிக்கு மிச்சம்தான் வரும். மாடிப்படி திரும்புகிற இடத்தில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டச் சொன்னேன். அவன் முணுமுணுத்தான். எத்தனை வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான், என்னிடமா?

மாட்டியபின் கைபேசியை வைத்துக்கொண்டு மாடி அறை முழுக்க நடந்து பார்த்தேன். ஜன்னல் ஓரத்து மேஜையில் இரண்டு அலைவரிசையும் நன்றாக வருகின்றன. பழைய இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் ஒன்றுமே இல்லை. இரும்பு அலையை மறித்துவிடும். அப்பாவும் எதிர்வீட்டுப் பையனும் பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார்கள். நகர்த்துவதற்காகக் காலி செய்ததைத் திரும்ப நிரப்பவில்லை. மேல் தட்டு, நடுத் தட்டு, லாக்கர் எல்லாம் உனக்குத்தான்.

இப்போது வருவது செம்புக் கம்பி இல்லை, கண்ணாடி இழை. உள்ளே ஓடுவது ஒளி. என் காலத்தில் மழை பெய்தால் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி லைன் கரகரக்கும். இதற்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் இழையை மடக்கக் கூடாது. கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆகவே ஒயரை நாற்காலிக் காலுக்கு அடியில் விடாதே. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருக்காதே, புகார் கொடுக்க வேண்டியதுதான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்பது உனக்குத் தெரியும். பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறேன். உன் மீட்டிங் நிற்காது.

கட்டணம் ஆறு மாதத்துக்கா, ஒரு வருடத்துக்கா என்று அந்தப் பையன் கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் அப்பா ஒரு வருடத்துக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடவுச்சொல் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரும் கடவுச்சொல்லும் இப்போது இல்லை. 192.168.1.1 என்ற பக்கத்துக்குப் போய் இரண்டையும் மாற்றினேன். அந்தப் பக்கத்தைத் திறக்கிற கடவுச்சொல்லையும் மாற்றினேன், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல் இல்லாமலே சேர்ந்துகொள்கிற வசதி ஒன்று இருக்கிறது, அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் அதைத்தான் கொடுப்போம். யார் வந்தாலும்.

நீயும் உன் கடவுச்சொற்களை மாற்று. மின்னஞ்சல் முதலில், அடுத்து வங்கி. பிறந்த நாள் வேண்டாம், கல்யாண நாள் வேண்டவே வேண்டாம், இரண்டும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தச் சாதனத்தில் உன் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். பழைய மடிக்கணினி அதில் இருந்தால், புதியதில் உட்கார்ந்தபடியே அங்கிருந்து வெளியேற்றிவிடலாம். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண் உன்னிடம் இருக்கிற கைபேசிக்கே வருகிறதா என்று பார். இதை மாற்றுவதற்கு இங்கே வரும்வரை காத்திருக்கலாம். அந்த வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று இல்லை. ஆனால் வந்த அன்றே மாற்று.

போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி நீ ரசத்துக்கு எவ்வளவு மிளகு போட வேண்டும் என்று கேட்டாய். எனக்கு டைபாய்டு வந்தபோது இந்த வீட்டுக்கே ரசம் வைத்துப் போட்டவள் நீ. நானும் ஒரு ஸ்பூன் என்று சொல்லி வைத்துவிட்டேன். லைனில் இருப்பவர் சொல்வதையும் சொல்லாததையும் காது கொடுத்துக் கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்வரை கேட்கவும் மாட்டேன், அப்பாவையும் கேட்க விடமாட்டேன். ஊர் கேட்டால், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்திருக்கிறாள் என்று சொல்வேன், அது பொய்யும் இல்லை. பெரியம்மாவுக்கு நடந்ததை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. திரும்பி வந்தவளுக்கு இந்த வீட்டில் அன்று ஓர் அறை ஒழித்துக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நீ கேட்டது வைஃபைதான். நாங்கள் அறையை வெள்ளையடித்தே வைத்திருக்கிறோம்.

ஆனாலும் நீ இன்னும் கொஞ்சம் முன்பே சொல்லியிருக்கலாம். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மைசூர் ரயிலிலேயே வா, பெங்களூரில் இரவு ஏறினால் காலையில் இங்கே. டிக்கெட் செய்தி உன் எண்ணுக்கு மட்டும் வரட்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டச் சான்றிதழ்வரை அசல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள். ஆதார், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், லாக்கர் சாவி. பாட்டியின் இரட்டை வடச் சங்கிலி கைக்கு எட்டினால் எடு, எட்டாவிட்டால் விட்டுவிடு. காகிதங்களை விடாதே. கடவுச்சொற்களை மாற்று என்று சொன்னேனே, மறக்காதே. கும்பகோணம் தாண்டியதும் அப்பாவுக்கு போன் செய், ஸ்டேஷனில் நிற்பார். நம் வைஃபை கடவுச்சொல்லை இதில் எழுதவில்லை, வந்ததும் நேரில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா