மடிப்பு ஓரத்தில் இருந்த வரி

பாப்பாவுக்கு,

‘பௌட்லரைஸ்னா என்னம்மா?’ என்று நீ போனில் ஒரு வரி அனுப்பிப் பதினெட்டு நாள் ஆகிறது. கூப்பிட்டால் ‘நல்லா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

ஆபீஸில் இத்தனை பேர் இருக்க என்னைக் கேட்டாயே என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். கேட்கத் தெரிந்தவளுக்குப் பதிலை வாங்கிக்கொள்ளத்தான் நேரமில்லை.

அது ஒரு ஆளின் பெயரிலிருந்து வந்த சொல். தாமஸ் பௌட்லர், டாக்டருக்குப் படித்த இங்கிலாந்துக்காரர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில், குடும்பத்தில் வாய்விட்டு வாசிக்கக் கூசும் வரிகளை எடுத்துவிட்டு 1818-ல் பத்துத் தொகுதிகளாகப் போட்டார். அதற்கு முன்பே, 1807-ல், 20 நாடகங்களை அப்படி வெட்டிக் கொடுத்தது அவருடைய அக்கா ஹாரியட். புத்தகத்தில் அவள் பெயரே இல்லை. 1836-க்குள் தம்பியின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. சென்சார் என்றால் அதிகாரத்தின் கை. இது நல்லதுக்கு என்று நினைத்து வெட்டி, மூலத்தின் உயிரை எடுத்துவிடுவது. பாராட்டாக யாரும் சொல்வதில்லை, வாக்கியத்தில் போடும்போது ஞாபகம் வைத்துக்கொள்.

பௌட்லரின் அப்பா வீட்டில் ஷேக்ஸ்பியரை வாசித்துக் காட்டுவாராம். ஆகாத வரி வந்தால் நிறுத்தாமல் தாண்டிவிடுவார். விட்டது பிள்ளைகளுக்குத் தெரியாது. வகுப்பில் இதை எத்தனையோ வருஷம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

இப்போது எழுதும்போது கை நின்றுவிட்டது. சின்ன அத்தை மாயவரத்திலிருந்து போடும் கடிதங்களை அப்பாயிக்கு நான்தான் வாசிப்பேன். ஒரு இன்லண்ட் லெட்டரில், மடிப்பு ஓரத்தில், பென்சிலில், ‘அண்ணனை அனுப்பி என்னை அழைச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க அண்ணி’ என்று இருந்தது. அந்த வருஷம் குறுவை போய்விட்டது. நீ கைக்குழந்தை. வீட்டில் இன்னொரு வாய் சேர்ந்தால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன். ‘எல்லோரும் சௌக்கியம்’ என்பதிலிருந்து நேராக ‘இப்படிக்கு’வுக்குப் போய்விட்டேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே அப்பாயி, ‘அவ்வளவுதானா?’ என்றார். அவ்வளவுதான் என்றேன். உன் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. அத்தைக்கு அப்புறம் நடந்தது உனக்கே தெரியும்.

நீ ‘நல்லா இருக்கேன்’ என்று நிறுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த மடிப்பு ஓரம்தான் கண்ணில் நிற்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

மேட்டூரில் தண்ணீர் விட்டாயிற்று. புஷ்ய மண்டபப் படித்துறையில் மூன்று படி முழுகியிருக்கிறது. மாடி அறையில் இருந்த நெல் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கழுவி வைத்திருக்கிறேன். சொல்லாமல்கூட வரலாம்.

அம்மா
திருவையாறு