விடப்போகிற மீனை எதற்குப் பிடிக்கிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒரு வாசகர், "தின்னவும் இல்லை, விற்கவும் இல்லை. அப்புறம் எதற்கு மீனைப் பிடித்து வதைத்து விடுகிறார்கள்?" என்று அமெரிக்கத் தூண்டில்காரர்களைப் பற்றிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் அப்படிப்பட்ட ஆள் என்பதால் பதில் எழுதுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில், ராஸ்கோ என்ற சிற்றூரில் வில்லோவீமாக் ஓடை பீவர்கில் ஆற்றோடு வந்து சேர்கிறது. ட்ரவுட் மீனுக்குப் பேர்போன இடம். (நீலகிரியில் அவலாஞ்சி மீன்பண்ணையைப் பார்த்தவர்களுக்கு இந்த மீனைத் தெரிந்திருக்கும்.) போன ஏப்ரல் கடைசியில் நண்பரோடு அங்கே போயிருந்தேன். பெயருக்குத்தான் வசந்தம். மரத்தடியில் பனி கிடந்தது. காலையில் தூண்டில் கோலின் வளையங்களில் தண்ணீர் உறைந்து தூண்டில் நரம்பு ஓடவில்லை. விரலால் தேய்த்துத் தேய்த்து உருக்க வேண்டியிருந்தது.

நண்பர் அந்தப் பக்கத்துக்காரர். ஆற்றில் இறங்கியதும் முதல் வேலையாகத் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டார். 6 டிகிரி. அந்தக் குளிரில் ட்ரவுட் அடியில் ஒண்டிக் கிடக்கும், இரை தேடி அலையாது. சரி, காத்திருப்போம் என்று ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். மேஃப்ளை பூச்சியின் குஞ்சுகள் அப்பியிருந்தன: மும்மூன்று வால், வயிற்றோரம் படபடக்கும் செவுள்கள். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போவது இதுதான் என்றார்.

மதியம் இரண்டு மணிவாக்கில் தண்ணீர் 10 டிகிரியைத் தொட்டது. ஹெண்ட்ரிக்சன் என்று அவர்கள் சொல்லும் மேஃப்ளை பூச்சிகள் மேலே வந்து, இறக்கையை நிமிர்த்திக்கொண்டு பாய்மரப் படகுகள் மாதிரி மிதந்து போயின. அவற்றைத் தின்ன மீன்கள் மேலெழும்பின. முயல் மயிரும் கோழி இறகும் வைத்து முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சியை நண்பர் அந்த வரிசையில் மிதக்கவிட்டார். ஒரு பிரவுன் ட்ரவுட் எடுத்தது. முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியை முன்பே குறடால் நசுக்கியிருந்ததால், மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே சுலபமாகக் கழன்றது. கையை நனைக்காமல் தொடவே மாட்டார். உலர்ந்த கை மீனின் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும். வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் பொட்டுகள் விலாவில் தெரிந்தன. அதற்குள் நீந்திப் போய்விட்டது.

அந்த மீனுக்கு வலிக்காது என்று நான் சாதிக்க மாட்டேன். விடுகிற மீன் எல்லாமே பிழைப்பதும் இல்லை. ஆனால் அந்த ஆற்றில் மீன் இருப்பதற்கு யார் காரணம் என்பதையும் அந்த வாசகர் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று இந்த மலையின் ஹெம்லாக் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். நிழல் போனது, தண்ணீர் சூடானது, அந்த மண்ணுக்கே உரிய புரூக் ட்ரவுட் ஒதுங்கிப் போனது. இப்போது அங்கே வளரும் பிரவுன் ட்ரவுட், 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த முட்டைகளின் வழி. அப்புறம் பக்கத்து டெலவேர் ஆற்றுக் கிளைகளில் நியூயார்க் நகரத்துக்காக பெபாக்டன், கேனன்ஸ்வில் அணைகள் எழுந்தன. கீழே போதிய தண்ணீர் விடாததால் கோடையில் அந்தக் கிளைகள் சூடேறி மீன்கள் செத்தன. சண்டை போட்டது தூண்டில்காரர்களும் ஆற்றோர ஊர்க்காரர்களும்தான். அணையிலிருந்து எவ்வளவு திறந்துவிட வேண்டும் என்று விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம் 1976இல் வந்தது. பீவர்கில்லின் ஒரு பகுதியில் 1960களிலிருந்தே பிடித்த மீனை விட்டே ஆக வேண்டும்.

கோடையில் தண்ணீர் 20 டிகிரியை நெருங்கினால் நண்பர் கோலைக் கட்டி வைத்துவிடுவார், நானும் அப்படித்தான். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன் விட்டாலும் தேறாது. அதைப் பொருட்படுத்தாமல் ஜூலை வெயிலில் நின்று பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வதை என்ற சொல்லை அவர்களுக்குச் சொன்னால் நானும் அந்த வாசகரோடு சேர்ந்து சொல்வேன்.

– வாசகர், நியூ ஜெர்சி